கைரேகையிலிருந்து தொடங்குங்கள்: மதுரையில் ஒரு குயர் வாசிப்பு வட்டம் நடத்துவது எப்படி

'ஆம்பளைய ஆம்பளை விரும்புறது, ஆம்பளை பொம்பளையா மாறுறது, இதெல்லாம் வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன பழக்கம்' என்று கல்யாண வீட்டுப் பந்தியில் ஒருவர் சொல்ல, பக்கத்து இலையில் இருந்த நீங்கள், பதில் தெரிந்தும் அதைச் சித்தப்பாவுக்குப் புரிகிற தமிழில் சொல்ல வராமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தீர்கள் என்றால், இந்தக் குறிப்பு உங்களுக்குத்தான்.

மதுரையில் இதுவரை மூன்று முறை குயர் வாசிப்பு வட்டம் (தன்பால் ஈர்ப்பு உள்ளவர்கள், திருநங்கைகள், திருநம்பிகள் எல்லோரும் சேர்ந்து வாசிக்கிற கூட்டம்) தொடங்கியிருக்கிறேன். முதல் இரண்டும் செத்துவிட்டன. மூன்றாவது ஆறு வருஷமாக ஓடுகிறது, மாதம் ஒரு ஞாயிறு, சில மாதம் இருபது பேர், சில மாதம் ஐந்து பேர். முதல் வட்டம் ஏன் செத்தது என்று சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. காலனிய நீக்கச் சிந்தனை பற்றிப் பேச வேண்டும் என்ற ஆசையில் நாற்பது பக்க ஆங்கிலக் கட்டுரை ஒன்றை ஜெராக்ஸ் போட்டு எல்லோர் கையிலும் கொடுத்தேன். வெள்ளைக்காரன் நம் மண்டைக்குள் எப்படிக் குடியிருக்கிறான் என்று விளக்குவதற்கு, அவனுடைய மொழியிலேயே, அடிக்குறிப்புகளோடு. மூன்றாவது வாரம் நான்கு பேர் வந்தோம். அதில் ஒருவர் மின்விசிறிக்காக வந்தவர்.

அதனால் முதல் வேலை, கட்டுரையை மூடி வையுங்கள். முதல் கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'உங்க தாத்தா, பூட்டன் யாராவது போலீஸ் ஸ்டேஷன்ல கைரேகை வச்ச கதையை வீட்ல சொல்லிக் கேட்டிருக்கீங்களா?'

உசிலம்பட்டி, செக்கானூரணி, திருமங்கலம் பக்கத்து ஆள் ஒருவராவது கூட்டத்தில் இருப்பார். இருந்தால் கதை தானாக வரும். புத்தகத்தில் குற்றப் பரம்பரைச் சட்டம், ஊர் வாயில் ரேகைச் சட்டம். கீழக்குயில்குடியில் தொடங்கி, பிறகு பிறமலைக் கள்ளர் மொத்தப் பேரையும் பிறவியிலேயே குற்றவாளி என்று பதிவேட்டில் ஏற்றியது. ஆம்பளைகள் ராத்திரியில் ஸ்டேஷனிலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும், வெளியூர் போவதென்றால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைக்க மாட்டோம் என்று எதிர்த்து நின்ற பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அந்தச் சட்டம் ஒழிந்தது. இவ்வளவும் நம் பக்கத்தில் யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டாத விஷயம்.

அப்புறம் இதைச் சொல்லுங்கள். அந்தச் சட்டத்தின் முதல் வடிவம் 1871-இல் வந்தது. அதற்கு இரண்டு பாகம். முதல் பாகம் 'குற்றப் பரம்பரைகள்' பற்றியது. இரண்டாம் பாகம், அவர்கள் அலிகள் என்று வகைப்படுத்திய மனிதர்களைப் பற்றியது. இன்று நாம் திருநங்கை என்று சொல்கிறவர்களும் வடக்கே ஹிஜ்ரா என்று சொல்லப்படுகிறவர்களும் அதில் அடக்கம். பிள்ளைகளைக் கடத்துகிறார்கள், தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவுக் குற்றம் ('இயற்கைக்கு மாறான' உறவு) செய்கிறார்கள் என்று சந்தேகம் வந்தாலே போதும், பெயரும் முகவரியும் பதிவேட்டில் ஏறிவிடும். ஏறிய பிறகு தெருவில் சேலை கட்டி நின்றாலோ, பொது இடத்தில் ஆடினாலோ பாடினாலோ, வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம், இரண்டு வருஷம் வரை உள்ளே போடலாம். 16 வயதுக்குக் கீழே உள்ள பையனைக் கூட வைத்துக்கொள்ளக் கூடாது. தத்து எடுக்க முடியாது, உயில் எழுத முடியாது. குரு செத்தால் சேலாவுக்கு, அதாவது அவருடைய சீடருக்கு, பாத்திரம் பண்டம் கூடப் போகாது என்று அர்த்தம்.

இதை நாங்கள் முதல் முறை சத்தமாக வாசித்தபோது, நண்பனுக்குத் துணையாக வந்து அதுவரை போனையே பார்த்துக்கொண்டிருந்த செக்கானூரணிப் பக்கத்து அண்ணன் ஒருவர் தலையைத் தூக்கி, 'அப்ப உங்களையும் எங்களையும் ஒரே நோட்லயா எழுதுனான்?' என்று கேட்டார். வட்டம் உண்மையில் அன்றைக்குத்தான் தொடங்கியது.

இந்த இடத்தில் உணர்ச்சிவசப்பட்டு 'ஆமா அண்ணே' என்று சொல்லிவிடாதீர்கள். ஒரே நோட்டில் இல்லை. இரண்டாம் பாகம் பஞ்சாப், அயோத்தி, அன்றைய வடமேற்கு மாகாணங்கள் என்று வடக்கேதான் நடைமுறைக்கு வந்தது. நம் பக்கம் வந்தது 1911-இல் திருத்தி எழுதப்பட்ட சட்டம், அது சாதிகளின் மேல் பாய்ந்தது. ஒரே மூளை, ஒரே சட்டப் புத்தகம், இரண்டு ஊர். இதை மறைத்துப் பேசினால் கூட்டத்தில் வரலாறு படித்த ஒரு பிள்ளை எழுந்து திருத்தும், அதோடு நீங்கள் சொன்ன மற்றதும் போச்சு. திருநங்கைகள் கள்ளர் போலவே அடிபட்டார்கள் என்றும் சொல்ல வேண்டாம், யார் அதிகம் பட்டார்கள் என்ற போட்டியும் வேண்டாம். சர்க்கார் ஒருவரைப் பார்த்த உடனே 'இது எந்த வகை?' என்று கேட்டுக் கட்டம் போட்டு எழுதிக்கொண்டது, அந்தக் கட்டம் எழுதியவன் கப்பலேறிய பிறகும் இங்கேயே இருக்கிறது, இவ்வளவுதான் புரிய வேண்டும். அனிபல் கிஹானோ என்ற பெரு நாட்டுச் சிந்தனையாளர் ஆட்சி போன பிறகும் தங்கிவிடும் காலனித்தன்மை என்று சொன்னதும், மரியா லுகோனஸ் என்ற அர்ஜென்டினா நாட்டுத் தத்துவவாதி அதையே ஆண் பெண் என்ற பிரிவுக்கு நீட்டிப் பேசியதும் கிட்டத்தட்ட இதைத்தான். இந்தப் பெயர்களை நான் நான்காவது கூட்டத்துக்கு முன்னால் எடுப்பதில்லை. எடுக்கும்போதும் பள்ளிக்கூட டிசியிலும் ரேஷன் கார்டிலும் உள்ள ஆண்/பெண் கட்டத்தைக் காட்டி, 'இந்தக் கட்டத்தை யார் போட்டது, எப்போ போட்டது?' என்று கேட்டுவிட்டுத்தான்.

377-ஐ ஒரு கூட்டத்துக்கு மேல் இழுக்க வேண்டாம், ஆனால் தேதிகளை வரிசையாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும், பந்திச் சித்தப்பாவுக்கு அதுதான் மருந்து. மெக்காலே தலைமையிலான சட்ட ஆணையம் 1830-களில் வரைவு எழுதியது. 1860-இல் தண்டனைச் சட்டம் நிறைவேறி 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 'இயற்கைக்கு மாறான' உறவுக்கு ஆயுள் தண்டனை வரை. இங்கிலாந்து தன் வீட்டில் 1967-இல் ஒரு பகுதியை விலக்கிக்கொண்டது, அதற்கு இருபது வருஷம் முன்னாலேயே நாம் சுதந்திரம் வாங்கிவிட்டோம், சட்டம் மட்டும் இங்கேயே இருந்தது. 2009-இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒதுக்கித் தள்ளியது, 2013-இல் உச்ச நீதிமன்றம் திரும்பக் கொண்டுவந்தது, 2018 செப்டம்பர் 6 அன்று வயது வந்தோர் சம்மதத்தோடு இருப்பது குற்றமில்லை என்று அதே நீதிமன்றம் சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 377 மொத்தமாகவே இல்லை. ஒரு ஆணோ திருநங்கையோ வன்புணர்வுக்கு ஆளானால் எந்தப் பிரிவில் வழக்குப் போடுவது என்ற புதுச் சிக்கலும் அதோடு வந்தது, அதையும் சொல்லிவிடுங்கள்.

மதுரைக்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. வீட்டுக்கு ஒருவராவது சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருப்பார். ஒரு உலகப் படத்தை விரித்து அவரவர் சொந்தக்காரர் இருக்கும் நாட்டில் புளியங்கொட்டை வைக்கச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் ஆண்களுக்கு எதிரான 377ஏ 1938-இல் வந்து 2022-இல் நீக்கப்பட்டது. மலேசியாவில் இன்னும் இருக்கிறது. இலங்கையில் 1883-ஆம் வருஷத் தண்டனைச் சட்டத்தின் 365, 365ஏ. இதில் 365ஏ முதலில் ஆண்களைப் பற்றித்தான் பேசியது, 1995-இல் திருத்தியபோது பெண்களையும் உள்ளே இழுத்துவிட்டார்கள், சுதந்திர நாட்டின் நாடாளுமன்றம்தான் அதைச் செய்தது. அப்படியே உகாண்டாவுக்குப் போங்கள். ஆப்பிரிக்கப் பண்பாட்டைக் காப்பாற்றுகிறோம் என்று 2023-இல் சில நிலைகளில் மரண தண்டனை வரை வைத்துச் சட்டம் போட்டார்கள். 2009-இல் அமெரிக்கப் போதகர்கள் கம்பாலாவுக்கு வந்து தன்பால் உறவுக்கு எதிராகக் கருத்தரங்கு நடத்தியதும், அதே வருஷம் அங்கே முதல் மசோதா வந்ததும் அந்தப் பண்பாட்டுக் கதையில் வராது. பிரிட்டிஷ் பிரதமர் தெரசா மே 2018-இல் காமன்வெல்த் நாடுகளுக்கு முன்னால் இந்தச் சட்டங்களுக்காக ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். புளியங்கொட்டைகளைப் பார்த்துக்கொண்டே ஒரு அக்கா, 'வருத்தத்த வச்சு என்ன பண்றது, வட்டிக்கா விடுறது?' என்றார். அன்றைக்கு அதற்கு மேல் எதுவும் பேச ஓடவில்லை.

முதல் பொறி அந்த நாற்பது பக்க ஆங்கிலக் கட்டுரை. இனி இரண்டாவது பொறி. முதல் பொறியைவிட இதில் விழுந்தவர்கள்தான் அதிகம், நானும் விழுந்திருக்கிறேன், என் இரண்டாவது வட்டம் செத்தது இதனால்தான். 'வெள்ளைக்காரன் வருவதற்கு முன்னால் நம்மிடம் எல்லாம் நன்றாக இருந்தது, அர்த்தநாரீஸ்வரர் இருக்கிறார், அரவான் இருக்கிறார், சிலப்பதிகாரத்தில் பேடியாடல் இருக்கிறது' என்று மூன்று மாதம் பெருமையாகப் பேசினோம். கேட்க இதமாக இருந்தது. நான்காவது மாதம், பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்த ஒரு தலித் திருநம்பித் தம்பி (பெண் என்று வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்கிறவர்), 'அண்ணே, நீங்க சொல்ற அந்தப் பழைய காலத்துல நான் கோயிலுக்குள்ள வந்திருக்க முடியுமா?' என்று கேட்டார். மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்களும் நாடார்களும் நுழைந்தது 1939 ஜூலை 8 அன்று, வைத்தியநாத ஐயர் கூட்டிக்கொண்டு போனபோது. அதற்கு முன்னால் அந்தத் தூண்களில் இருக்கிற அர்த்தநாரியை யார் பார்த்தார்கள்? எங்களிடம் பதில் இல்லை. அடுத்த மாதம் அவர் வரவில்லை, அதற்கடுத்த மாதம் மூன்று பேர் வரவில்லை.

இப்போது அந்தக் கூட்டத்தை வேறு மாதிரி நடத்துகிறோம். தொல்காப்பியத்தையும் நன்னூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறோம். தொல்காப்பியம் கிளவியாக்கத்தில் 'ஆண்மை திரிந்த' பெயரை உயர்திணையில் வைக்கிறது, தனி முடிபு கிடையாது, உயர்திணைப் பால்களில் ஒன்றின் வினையை ஏற்கும் என்கிறது. சரி, மனிதர் கணக்கில் சேர்த்தாயிற்று. நன்னூலுக்கு வாருங்கள், 13-ஆம் நூற்றாண்டு. ஆண்மை விட்டுப் பெண்மையை விரும்புகிறவர் பெண்பால், பெண்மை விட்டு ஆண்மையை விரும்புகிறவர் ஆண்பால் என்று நன்றாகத் தொடங்கி, இந்த இருவரும் அஃறிணை போலவும் வருவார்கள் என்று ஒரு வாலை ஒட்டுகிறது. இலக்கண ஆசிரியர் வழக்கைத்தான் எழுதினார், தீர்ப்பு சொல்லவில்லை என்று தமிழ் படித்தவர்கள் வாதாடுவார்கள், வாதாடட்டும், நல்ல சண்டை அது, ஒரு மணி நேரம் விடுங்கள். ஆனால் 'அது வருது பாரு' என்று பஸ் ஸ்டாண்டில் சொல்கிறவனுக்கு மெக்காலே தேவைப்படவில்லை என்பதும் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

இதே கேள்வியைத் தீர்ப்புகளிடமும் கேட்கலாம். 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் திருநர் உரிமை பற்றிக் கொடுத்த நால்சா தீர்ப்பில் ராமர் கதையும் வருகிறது, அரவானும் வருகிறார், 1871 சட்டமும் வருகிறது. நம்ம ஊர் உயர் நீதிமன்றக் கிளை 2019 ஏப்ரலில், பதிவாளர் பதிய மறுத்த ஒரு கல்யாணத்தை எடுத்துக்கொண்டு, இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்றால் திருநங்கையும்தான் என்றது. ஊடுபால் குழந்தைகளுக்கு (உடல் ஆண், பெண் என்ற ஒரே கட்டத்தில் அடங்காமல் பிறப்பவர்கள்) அவசியமில்லாமல் அறுவை செய்யக் கூடாது என்று அதே தீர்ப்பு சொல்ல, தமிழ்நாடு அரசு அந்த வருஷமே தடை ஆணை போட்டது. ஒத்தக்கடைப் பக்கம் யானைமலை அடிவாரத்தில் இருக்கிற கட்டடத்தில் இது நடந்தது என்று சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருவார்கள். பிறகு கேளுங்கள்: புராணத்தில் இடம் இருப்பதால் உரிமை வருகிறதா? திருநம்பிக்கு எந்தப் புராணம்? இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ எந்தத் தூணில் சிற்பம் தேடுவது? கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருங்கள்.

சாதியைத் தனி அமர்வாக வைக்காதீர்கள், அது வட்டத்தின் எல்லா ஞாயிறும் உட்கார்ந்திருக்கும். காலனிய நீக்கம் பேசுகிற கூட்டத்தில் 'நம் மரபு' என்று யாராவது சொன்னால் 'யார் மரபு?' என்று கேட்பதற்கு ஒருவரை வேண்டுமென்றே நியமித்து வைத்திருக்கிறோம், மாதம் ஒருவர், கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி மாதிரி கை மாறும். தமிழ்நாட்டில் திருநங்கைகளை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் சேர்த்தபோது, தலித் திருநங்கைகள் அதனால் என்ன இழப்பார்கள் என்று தலித் திருநங்கைச் செயற்பாட்டாளர் கிரேஸ் பானு போன்றவர்கள் கேட்ட கேள்வியை, எல்லாச் சாதிக்குள்ளும் கிடைமட்ட இட ஒதுக்கீடு என்று அவர்கள் வைத்த கோரிக்கையை, பேச வேண்டும். அம்பேத்கர் வழியாகவும் வரலாம். பாலியல் சந்தேகங்களுக்குப் பதில் எழுதியதற்காகப் பத்திரிகை ஆசிரியர் ர.தோ. கார்வே மேல் ஆபாச வழக்கு வந்தபோது, 1934-இல் பம்பாயில் அவருக்காக வாதாடியவர் அம்பேத்கர். வழக்கு தோற்றது. இந்தத் தகவலைக் கேட்டு ஒரு வயதான தோழர், நாற்பது வருஷம் அம்பேத்கர் ஜெயந்தி கொண்டாடியவர், 'இத ஏன்யா எங்களுக்கு யாருமே சொல்லல?' என்று கோபப்பட்டார். கோபம் என் மேல்தான். டீ வாங்கிக் கொடுத்துச் சமாளித்தேன்.

சொல் விஷயத்துக்கு வருகிறேன். 2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அரசிதழில் ஒரு சொற்களஞ்சியம் வெளியிட்டது, நீதிமன்றம் கேட்டதால். நல்ல விஷயம், போலீஸ்காரரிடமும் நிருபரிடமும் காட்ட உதவும். ஆனால் வட்டத்துக்குள் அதை வைத்து யாரையும் திருத்த வேண்டாம். பால்புதுமையினர் என்று ஒருவர் சொல்வார், குயர் என்று இன்னொருவர், தன்பாலீர்ப்பு என்று பட்டதாரி சொல்வார், மேலூரிலிருந்து வருகிற ஒருவர் இது எதுவும் இல்லாமல் 'நான் அப்படித்தான்' என்று மட்டும் சொல்வார். எல்லாம் செல்லும். வயதான சில அக்காமார் இன்னும் அரவாணி என்றுதான் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள், அது பழைய சொல் என்று இருபது வயதுப் பிள்ளை பாடம் எடுத்தால் தடுங்கள். அவர்களுக்குள் பேசிக்கொள்கிற கவுடி பாஷையை 'எங்களுக்கும் சொல்லுங்களேன்' என்று நச்சரிப்பதும் கூடாது. போலீஸ் காதுக்கும் வாடிக்கையாளர் காதுக்கும் தப்பிக்க வைத்துக்கொண்ட மொழி அது, ஆராய்ச்சி மாணவர் நோட்டில் ஏறினால் அதற்கு வேலை இல்லாமல் போகும்.

பிரதிப்பெயர் சுற்று (தன்னை அவன், அவள், அவர் என்று எதைச் சொல்லிக் குறிப்பிட வேண்டும் என்று ஒவ்வொருவரும் சொல்வது) என்று ஒன்றைப் பெரிய நகரங்களில் பார்த்துவிட்டு வந்து இங்கேயும் வைத்தேன். எல்லோரும் முழித்தார்கள். தமிழில் 'நான்', 'நீங்க' இரண்டுக்கும் பால் கிடையாது, 'அவங்க' என்றால் மரியாதையும் ஆச்சு, பாலும் ஒளிந்தாச்சு. ஆங்கிலத்தில் இதற்காக அடித்துக்கொள்கிறார்கள், நம் பாட்டிமார் மாமியாரைப் பற்றிப் புறம் பேசும்போதே செய்துவிட்ட காரியம் இது. தமிழில் குத்துவது வேறு இடம்: 'வாடா', 'போடி', 'தம்பி', 'மேடம்'. அதனால் எங்கள் சுற்றில் கேட்பது ஒன்றுதான், 'உங்கள என்ன சொல்லிக் கூப்பிடட்டும், அக்காவா, அண்ணனா, வெறும் பேரா?' ஒரு முறை ஐம்பது வயதுக்காரர் ஒருவர் யோசித்து யோசித்து, 'சித்தின்னு யாராவது கூப்பிட்டா நல்லா இருக்கும்' என்றார். அன்றிலிருந்து அவர் எங்கள் சித்தி. 'உங்க நிஜப் பேரு என்ன?' என்று எவரும் எவரையும் கேட்கக் கூடாது, வட்டத்தின் ஒரே கறாரான சட்டம் அது.

இடம், நேரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு முறை காலை பத்தரைக்குக் கூட்டம், எட்டு மணிக்கு அரங்கத்துக்காரர் போன் செய்து 'மேலிடத்துல ஒத்துக்கல' என்றார், முன்பணமும் திரும்பவில்லை. அதிலிருந்து எப்போதும் இரண்டாவது இடம் ஒன்று கையில் வைத்திருக்கிறோம், பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடி. பெண்கள் வர வேண்டும் என்றால் மதியம் ஒன்றுக்குள் முடியுங்கள், தையல் வகுப்பு என்றோ டிஎன்பிஎஸ்சி கோச்சிங் என்றோ சொல்லிவிட்டு வருகிறவர் நிறையப் பேர். கடை கடையாகக் காசு கேட்கப் போகிற அக்காமார் எந்த நாளில் போகிறார்கள் என்று கேட்டு நாளை முடிவு செய்யுங்கள், அவர்களுக்குப் பஸ் காசு கொடுங்கள், வந்தவரைக் கதை சொல்ல வைக்காதீர்கள். 'உங்க வலியைப் பகிர்ந்துக்கோங்க' என்று ஒரு தன்னார்வலர் கேட்டு, ஒரு அக்கா 'டிக்கெட் வாங்கிட்டியா?' என்று திருப்பிக் கேட்டது எங்கள் வட்டத்தில் இன்னும் பழமொழி. போட்டோ கிடையாது. வாட்ஸ்அப் குழுவுக்கு 'நூலக நண்பர்கள்' மாதிரி ஒரு பெயர் போதும். சித்ரா பௌர்ணமியை ஒட்டிய ஞாயிறில் கூட்டம் வைக்காதீர்கள், ஊரெல்லாம் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க வைகைக்குப் போகும், அக்காமாரில் பாதிப் பேர் தாலி கட்டிக்கொள்ளக் கூவாகம் போவார்கள், இரண்டும் ஒரே பௌர்ணமியில் வந்து தொலைக்கிறது.

வாசிப்பதற்கு ஒரு கூட்டத்துக்கு ஒரு பக்கம். தமிழில். சத்தமாக, ஆளுக்கு இரண்டு வரி. படிக்கத் தெரியாதவர் இருந்தால் அவரை விட்டுவிட்டு அடுத்தவருக்குத் தாவாதீர்கள், அவர் முன்னால் வாசித்தவர் சொன்னதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லட்டும், பல முறை அதுதான் சரியான மொழிபெயர்ப்பாக அமையும். மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்றால் ஆங்கில இலக்கிய மாணவரையும் ஒரு திருநங்கையையும் சேர்த்து உட்கார வையுங்கள், தனித்தனியாக விட்டால் ஒன்று புரியாது, இன்னொன்று முடியாது. மதுரையிலேயே பிரியா பாபு நடத்தும் திருநங்கையருக்கான ஆவண மையம் இருக்கிறது, தமிழில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று அங்கே கேட்காமல் நீங்களாகப் பட்டியல் போட உட்காராதீர்கள். 2012 ஜூலையில் இதே ஊரில் வானவில் ஊர்வலம் நடந்தது, 2014-இல் திருநங்கை பாரதி கண்ணம்மா மதுரை மக்களவைத் தொகுதியில் சுயேச்சையாக நின்றார். நமக்கு முன்னால் யாருமே இல்லை என்ற நினைப்பும் ஒரு மாதிரி வெள்ளைக்காரத்தனம்தான், காலி நிலம் என்று சொல்லித்தானே அவன் கொடி நட்டான்.

பேச்சோடு நிற்கக் கூடாது என்று நினைப்பவர்களுக்கு: ஒரு கிளிப் அட்டையில் நான்கு தாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் போட்ட உத்தரவு. மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிப்போன இரண்டு பெண்கள் தொடுத்த வழக்கு அது. 'காணவில்லை' என்று வீட்டார் புகார் கொடுத்து, விசாரணையில் அவர்கள் சம்மதத்தோடு இருக்கும் வயது வந்தவர்கள் என்று தெரிந்தால், வாக்குமூலம் வாங்கிக்கொண்டு தொல்லை செய்யாமல் புகாரை முடிக்க வேண்டும் என்று போலீசுக்குச் சொல்கிறது. இரண்டு, அதைத் தொடர்ந்து 2022-இல் தமிழ்நாடு காவலர் நடத்தை விதிகளில் சேர்ந்த 24-சி, இந்தச் சமூகத்தினரைத் துன்புறுத்துவது நடத்தை மீறல் என்கிறது. மூன்று, 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று மருத்துவம் பார்ப்பது தொழில் ஒழுங்கு மீறல் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் சொன்ன கடிதம், குடும்ப டாக்டரிடம் காட்ட. நான்கு, இலவச சட்ட உதவிக்கான 15100 என்ற எண்ணும், நள்ளிரவில் போன் எடுக்கிற ஒரு வழக்கறிஞர் பெயரும். ஸ்டேஷனுக்கு மூன்று பேர் போங்கள், அதில் ஒருவராவது இஸ்திரி போட்ட சட்டையோடு, நரைத்த தலையோடு இருக்கட்டும். நாங்கள் முதல் முறை போனபோது இளவட்டங்களாகப் பத்துப் பேர் போனோம், மூன்று மணி நேரம் வாசலில் நின்றதுதான் மிச்சம்.

சேர்ந்து வாழ்வதைக் கல்யாணமாகப் பதிய 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழி திறக்கவில்லை, அதனால் ஓடி வருகிறவர்களுக்குச் சான்றிதழ் ஆசை காட்டாதீர்கள். 2025 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கக் கல்யாணம் ஒன்றுதான் வழி என்றில்லை என்று சொல்லியிருக்கிறது, அதன் நகலையும் வைத்துக்கொள்ளலாம்.

இந்த வேலையில் இறங்கியதும் பதிவேடு திரும்ப வரும். நால்சா தீர்ப்பு, நான் யார் என்று நானே சொன்னால் போதும் என்றது. 2019-இல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு மேல் கலெக்டரிடம் விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்கு என்று வைத்தது. விதிகள் மாறிக்கொண்டே இருக்கும், போவதற்கு முன்னால் விவரம் கேட்டுவிட்டுப் போங்கள். வட்டத்தில் படித்த பிள்ளைகள் இதைப் பிடித்துக்கொண்டு 'பார்த்தீங்களா, 1871, மறுபடியும் கட்டம், மறுபடியும் கையெழுத்து, எந்தப் பதிவேட்டிலும் ஏறக் கூடாது' என்று ஆவேசமாகப் பேசினார்கள். எனக்கும் சரியென்றே பட்டது. எங்கள் சித்தி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, 'கண்ணு, எனக்கு ரேஷன் கார்டு வேணும், முதியோர் பென்ஷன் வேணும், செத்தா எம் பேர்ல சர்டிபிகேட் வேணும்' என்றார். அடுத்த செவ்வாய்க்கிழமை மூன்று பேர் அவரோடு தாலுகா ஆபீசுக்குப் போனார்கள், விண்ணப்பத்தில் தகப்பனார் பெயர் என்ற இடத்தில் குருவின் பெயரை எழுதலாமா என்று கேட்டார்கள், அந்தக் கிளார்க்குக்கும் தெரியவில்லை. அந்தக் கேள்வியோடு திரும்பி வந்து இரண்டு கூட்டம் பேசினோம், இன்னும் முடியவில்லை.

எங்கள் வட்டத்தில் வருகைப் பதிவு எடுப்பதில்லை, நீங்களும் எடுக்காதீர்கள். ஒரே ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது, கணக்கு மட்டும். போன மாதப் பக்கத்தில் இப்படி இருக்கிறது: ஜெராக்ஸ் 48, டீ 14, பருத்திப்பால் 5 (யாருக்கு என்று எழுதவில்லை), பஸ் காசு ஏழு பேருக்கு 210, புளியங்கொட்டை காணவில்லை, சித்தி கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.